பதினான்காம் எண் தட்டு

வடக்குத்து
7.7.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

நான் இங்கே சுகம். விடுதிச் சாப்பாட்டில் நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, இரண்டு வரி எழுத நேரமில்லையாடி உனக்கு? போனுக்குத்தான் உங்கள் பள்ளிக்கூடத்தில் தடை, பேனாவுக்குமா? விலாசம் வாங்க டவுன்ஷிப்பில் உன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். உன் அம்மா கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்கள். நாமக்கல் பக்கம் இப்படி ஓர் ஊர் இருப்பதே அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

போன வருடம் பத்தாம் வகுப்பில் நமக்கு அறிவியல் எடுத்த விஜயகுமாரி மிஸ்தான் பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு உயிரியல். முதல் பாடமே பாக்டீரியா. அந்தச் சொல் மிஸ் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உமாராணி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். போன நவம்பரில் நாம் உள்ளங்கைப் பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்த சோதனையை ஒருத்தரும் மறக்கவில்லை.

நான்தான் மறந்தேனா? கடல்பாசியையும் கோழி சூப்பையும் குக்கரில் வேகவைத்து இருபத்திரண்டு தட்டுகளில் ஊற்றியது நான். ஒவ்வொருவரும் உள்ளங்கையைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து உன்னிடம் கொடுத்தோம். யாரும் வெட்கப்படும்படி ஆகக் கூடாது என்று, பெயருக்குப் பதில் எண் ஒட்டச் சொன்னார்கள் மிஸ். எந்த எண் யாருடையது என்பது ஏடு எழுதிய உனக்கு மட்டும்தான் தெரியும். சூட்டுக்காகப் பல்பு எரியவிட்ட அட்டைப்பெட்டியை மூன்றாம் நாள் திறந்தால், மற்றவற்றில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள், பதினான்காம் எண் தட்டு மட்டும் புளித்த தயிரைக் கொட்டியதுபோல் மூடிக்கிடந்தது. வேண்டுமானால் அவரவர் எண்ணை மட்டும் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றார்கள் மிஸ். நான் கேட்டதும் என்னை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய், "பதினாலு உன்னோடதுதான் ஆதி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாய். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. உன்னால் இருக்காது, அது எனக்குத் தெரியும்.

இப்போது செய்முறை வகுப்பில் என்னோடு ஜோடி சேர ஆளில்லை. மதியம் உமாராணியும் மற்றவர்களும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போகிறார்கள். நானும் காலையில் டெட்டால், சாயங்காலம் துணி சோப்பு என்று கையைத் தேய்த்துப் பார்க்கிறேன். தோல் வெடித்ததுதான் மிச்சம். "ஏண்டி கையப் போட்டு இப்பிடித் தேச்சிக்கினே கெடக்கிற? மைன்ஸ்லேர்ந்து வர்ற உங்கப்பன்கூட இவ்ளோ நேரம் தேய்க்கல" என்கிறாள் அம்மா. டவுன்ஷிப்பில் தெருப் பெருக்கிவிட்டு வந்து நிற்பவளிடம், என் கை அழுக்காம் என்று எந்த வாயால் சொல்வது?

இந்த மாதம் முடிவதற்குள் எழுதிக் கொடுத்தால் வணிகவியல் பிரிவுக்கு மாற்றித் தருவார்களாம். எனக்கு லேப் டெக்னீஷியன் படிக்கத்தான் ஆசை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இப்படி இரண்டு வருடம் தனியாக நிற்க முடியுமா என்று தெரியவில்லை. நீ எது சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். சீக்கிரம் எழுது.

உன்
ஆதி

---

விடுதி
21.7.2024

என் ஆதிக்கு,

உன் கடிதம் பார்த்து அழுதுவிட்டேன். எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. காலை நாலரைக்கு மணி அடித்தால் இரவு பத்து வரைக்கும் படிப்புதான். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் துணி துவைக்க, அதற்குள்தான் கடிதமும். சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடித்தவளுக்கு அன்று எங்கள் அறையில் கைதட்டல். அப்பா ஞாயிறுதோறும் ஆபீஸ் போனுக்குப் பேசுவார், ஐந்து நிமிடம். எத்தனை மார்க் என்ற கேள்விக்கே நாலு நிமிடம் போய்விடும்.

இங்கேயும் பாக்டீரியா பாடம் முடிந்துவிட்டது. தட்டும் கிடையாது, குக்கரும் கிடையாது. நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வணிகவியலுக்கே மாறிவிடு ஆதி. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். உயிரியல் எடுத்துவிட்டு நாங்கள் படுகிற பாடு உனக்கு எதற்கு? நீ கணக்கில் கெட்டி. பேங்க் பரீட்சை எழுதலாம். உன்னை வேண்டாம் என்கிறவர்கள் நடுவில் இரண்டு வருடம் நிற்பதைவிட, புது இடத்தில் நிம்மதியாக இருக்கலாம் இல்லையா?

இன்னொன்று. அந்தத் தட்டைப் பற்றி இனிமேல் எழுதாதே. அதைப் படித்தால் எனக்கு என்னவோபோல் ஆகிவிடுகிறது. பழசையெல்லாம் விட்டுவிடு. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

என்றும் உன்
பிரியா

---

வடக்குத்து
1.9.2024

அன்புள்ள பிரியா,

நீ சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். மிஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். காரணத்தைச் சொல், போடுகிறேன் என்றார்கள். எதைச் சொல்வேன்? தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, போய் நுண்ணோக்கியைத் துடை என்று அனுப்பிவிட்டார்கள். ஆக, நான் இன்னும் உயிரியல்தான். உன் யோசனையைக் கேட்டும் கேட்காதவள் ஆகிவிட்டேன், திட்டாதே.

அடுத்து செல் பாடம். உயிருள்ளது எல்லாம் செல்லால் ஆனது. ஏற்கெனவே இருக்கிற செல்லிலிருந்துதான் புதுச் செல் வரும், சும்மா காற்றிலிருந்து வந்துவிடாது. இதை நிரூபிக்கவே இருநூறு வருடத்துக்கு மேல் ஆனதாம். பழைய காலத்தில் அழுக்குத் துணியும் கோதுமையும் ஒன்றாக வைத்தால் எலி பிறக்கும் என்று நம்பினார்களாம். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் வேறு யோசனை. என் கையைப் பற்றிய பேச்சும் காற்றிலிருந்து வந்திருக்காது. ஏதோ ஒரு வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அது யார் வாய் பிரியா?

கன்னத்துச் செல்லைச் சுரண்டிப் பார்க்கிற செய்முறைக்கு எனக்கு ஜோடி கிடைக்காததை மிஸ் கவனித்துவிட்டார்கள். தாங்களே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கன்னத்தில் சுரண்டியது, என் கன்னத்தில் சுரண்டியது இரண்டையும் ஒரே கண்ணாடித் துண்டில் வைத்து நீலச் சாயம் விட்டோம். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல, நடுவில் ஒரு புள்ளி. "இதுல எது என்னோடதுன்னு சொல்லு பார்ப்போம்" என்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை, அவர்களாலும் முடியவில்லை.

அந்தத் தைரியத்தில், கையில் பாக்டீரியா நிறைய இருந்தால் அந்த ஆள் அசுத்தமானவரா மிஸ் என்று கேட்டுவிட்டேன். இல்லவே இல்லையாம். எல்லார் தோலிலும் கோடிக்கணக்கில் இருக்குமாம். அன்றைக்கு எதைத் தொட்டோம், கை வியர்த்ததா, குச்சியை எவ்வளவு அழுத்தினோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுமாம். அதை வைத்து ஆளை எடைபோடக் கூடாது, அதற்காகத்தான் எண் கொடுத்தேன் என்றார்கள். இதைப் போன வருடமே கேட்டிருந்தால் ஒரு டெட்டால் பாட்டிலாவது மிச்சமாகியிருக்கும்.

நல்ல செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இந்த வருடமும் அதே சோதனை உண்டு. ஏட்டுப் பொறுப்பு எனக்கு. அலமாரிச் சாவியும் தரப்போகிறார்கள். வீட்டில் சொன்னதற்கு அப்பா கடைக்குப் போய் ஒரு புதுப் பேனா வாங்கி வந்தார்.

மந்தாரக்குப்பத்தில், நம்மோடு பத்தாவது படித்த அருண்பிரசாத்தைப் பார்த்தேன். ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிறான், மற்ற நேரத்தில் அவன் அப்பாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். உன்னை விசாரித்தான்.

உன்
ஆதி

---

விடுதி
15.9.2024

ஆதி,

அவசரமாக எழுதுகிறேன், காலாண்டுத் தேர்வு நடக்கிறது. ஏட்டுப் பொறுப்பு உனக்கு வேண்டாம். வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. வீண் வேலை, படிப்புக் கெடும். என் பேச்சைக் கேள். போன வருடத்து ஏடு அந்த அலமாரியில்தான் இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டார்களா? இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

பிரியா

---

வடக்குத்து
6.10.2024

பிரியா,

தூக்கிப் போடவில்லை. இருக்கிறது. மேல்தட்டில், நீ போட்ட காக்கி அட்டையோடு அப்படியே இருக்கிறது.

இந்த வருடத்துக் கணக்கைப் போன வருடத்தோடு ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடச் சொன்னார்கள் மிஸ். அதற்காக எடுத்தேன். உன் முத்துமுத்தான எழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது, நம்புவாயா? நின்றபடியே புரட்டினேன். எண் 9, ஆதிலட்சுமி, ஏழு புள்ளிகள். எண் 14, கிருஷ்ணப்ரியா, எண்ண முடியாத அளவு.

நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை விரலை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

மறுநாள் உமாராணியிடம் போனேன். ஏட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கை விஷயம் உனக்கு யார் சொன்னது என்று மட்டும் கேட்டேன். முதலில் மழுப்பினாள், பிறகு சொன்னாள். "பிரியாதான். அவ பேரெல்லாம் சொல்லல. யாருன்னு கேக்காதீங்க, வடக்குத்துலேர்ந்து வர்ற பொண்ணு, அவங்க வீட்ல வசதி அப்படி, பாவம் விடுங்கன்னா." வடக்குத்திலிருந்து நம் வகுப்புக்கு வந்தவள் நான் ஒருத்திதான். என் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் தட்டை என் தலையில் கட்டிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஆறுதலும் சொன்னாய். நான் உனக்கு நன்றி சொன்னேன். நீ விடுதிக்குப் போன பிறகும் கடிதம் போட்டு நன்றி சொன்னேன். வணிகவியலுக்குப் போ, உன் நல்லதுக்குத்தான் என்று எழுதினாய். எது என் நல்லது? அலமாரிச் சாவி என் கைக்கு வராமல் இருப்பதா? மிஸ் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் போயிருப்பேன் பிரியா. நீ சொன்னாய் என்பதற்காகவே, படிக்க நினைத்த படிப்பை விட்டுவிட்டுப் போயிருப்பேன். சாகும்வரை என் கையைப் பார்த்து நானே அருவருத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

ஏட்டை யாரிடமும் காட்டவில்லை. எண்ணை வெளியே சொல்ல மாட்டேன் என்று மிஸ்ஸிடம் நானும் வாக்குக் கொடுத்துத்தான் சாவி வாங்கினேன். அதனால் நீ சொல்ல வேண்டும். உமாராணியிடமும் மற்றவர்களிடமும், அது உன் தட்டு என்று உன் வாயால் சொல்ல வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

ஆதிலட்சுமி

---

வடக்குத்து
10.11.2024

பிரியா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. என் கடிதம் வந்து சேரவில்லை என்று சொல்லிவிடாதே. பதிவுத் தபாலில் போட்டேன், நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை என்னிடம் இருக்கிறது.

ஆதிலட்சுமி

---

விடுதி
24.11.2024

ஆதி,

பத்துக் கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் சாக்குச் சொல்வதுபோலவே இருக்கிறது. நீ எழுதியது எல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய்யில்லை.

எங்கள் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியும். பால் பாக்கெட்டைக்கூடக் கழுவித்தான் உள்ளே எடுப்பார்கள் அம்மா. உமாராணி வீடு எங்களுக்கு மேல் மாடி. அவள் அம்மாவும் என் அம்மாவும் சாயங்காலம் சேர்ந்துதான் நடக்கப் போவார்கள். அந்தத் தட்டைத் திறந்த அன்று, நீ அந்தப் பக்கம் போனதும் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, யாருடையது யாருடையது என்று என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. வாயில் அதுதான் வந்தது. ஏன் அது வந்தது என்று நானும் யோசித்துப் பார்த்தேன் ஆதி. நீ என்றால் அவர்கள் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான். இதைவிட நேராக எனக்கு எழுதத் தெரியவில்லை.

உன்னிடம் சொன்ன பொய் அதை மூடி மறைக்கச் சொன்னது. நீயே நம்பிவிட்டால் சண்டை வராது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் ஏட்டிலும் மாற்றி எழுதப் பேனாவைத் திறந்தேன். முடியவில்லை. கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும், ஒரு எண் பொய்யானாலும் சோதனை மொத்தமும் பொய் என்று மிஸ் சொல்லியிருந்தார்கள். ஏட்டில் பொய் எழுத மனம் வரவில்லை. உன்னிடம் சொல்ல வந்தது. என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

பொங்கல் விடுமுறைக்கு வருகிறேன். உமாராணியிடம் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்கும் வருகிறேன், உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை மிஸ்ஸிடம் மட்டும் சொல்லிவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். என்னை ஒரேயடியாக வெறுத்துவிடாதே.

உன்
பிரியா

---

வடக்குத்து
25.1.2025

கிருஷ்ணப்ரியாவுக்கு,

பொங்கல் நான்கு நாளும் நான் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. நீ வருகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். எதற்காக வருகிறாய் என்று சொல்லவில்லை. அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, உனக்கென்று புது டம்ளர் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். "உன் சிநேகிதி வரலியாடி?" என்று காணும் பொங்கலன்று கேட்டாள். பஸ் கிடைத்திருக்காது என்றேன். உன் குவார்ட்டர்ஸிலிருந்து எங்கள் தெருவுக்கு சைக்கிளில் பதினைந்து நிமிடம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மதியம் உமாராணி டிபன் டப்பாவோடு என் பெஞ்சுக்கு வந்தாள். கூட இன்னும் மூன்று பேர். "சாரி ஆதி. பிரியா வந்திருந்தா, எல்லாம் சொன்னா. அது உன்னோடது இல்லியாமே. நோட்டுல வரி மாத்திப் பார்த்துட்டாளாம். அது அருண்பிரசாத்தோடதாம்" என்றாள். சைக்கிள் கடைப் பையன் கை வேறெப்படி இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். டப்பா மூடியில் எலுமிச்சைச் சாதத்தை அள்ளி வைத்து என் பக்கம் தள்ளினாள் உமாராணி.

நான் சாப்பிட்டேன். இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னொருத்தி கை வைத்த சாதத்தை நான் சாப்பிட்டு. அந்தச் சிரிப்பில் நானும் கொஞ்சம் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிட்டது. அருண்பிரசாத் இங்கே இல்லை, அவனுக்குத் தெரியவும் தெரியாது. நீ எனக்குச் செய்தது எவ்வளவு சுலபமான காரியம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் மிஸ்ஸிடம் போனேன். பெயர்கள் வெளியே போய்விட்டன, அதுவும் பொய்யாகப் போய்விட்டன, ஏட்டைக் காட்டி உண்மையைச் சொல்ல அனுமதி வேண்டும் என்று கேட்டேன். முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு மிஸ், இந்த எண் போடுகிற யோசனையே தன்னுடையதுதானே என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். பிறகு போய்க் காட்டு என்றார்கள்.

மதியம் ஏட்டை உமாராணி முன்னால் விரித்தேன். எண் 3, அருண்பிரசாத், முப்பத்தொரு புள்ளிகள். எண் 14 யார் என்று அவளே வாய்விட்டுப் படித்தாள். உன் எழுத்துதானா என்று வேறு பார்த்தாள். பிறகு, "இத எதுக்கு இப்ப கொண்டாந்து காட்டுற? அதான் உன்னோடது இல்லன்னு ஆயிடுச்சில்ல" என்றாள். அடுத்த நாள் அவர்கள் யாரும் என் பெஞ்சுக்கு வரவில்லை. என் கை என்றார்கள், நம்பினாள். அருண்பிரசாத் கை என்றார்கள், நம்பினாள். உன் கை என்று உன் எழுத்திலேயே படித்தும் அவளால் நம்ப முடியவில்லை.

நவம்பரில் நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை மன்னித்துவிட்டேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. பயத்தில் உளறிவிட்டாள், யாருக்கும் நேரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வந்து நின்றால் போதும், சொல்லக்கூட விட்டிருக்க மாட்டேன். ஆனால் இந்தத் தடவை உன்னை யாரும் சுற்றி நிற்கவில்லை. யோசிக்க உனக்கு ஒன்றரை மாதம் இருந்தது. நிதானமாக யோசித்து, இன்னொருவனைத் தேர்ந்தெடுத்தாய். யாரைச் சொன்னால் நம்புவார்கள் என்று இந்தத் தடவையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்.

நேற்று மந்தாரக்குப்பம் போய் அருண்பிரசாத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த டியூபைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நீ ஏன் அன்னிக்கே அவளுங்ககிட்ட சொல்லல?" என்றான். ஒரு நாள் தாமதம் என்றேன். ஒரு நாள்தானே என்று அவன் விட்டுவிட்டான். என்னால்தான் விட முடியவில்லை. எலுமிச்சைச் சாதம் தின்ற அந்த ஒரு நாளுக்கே இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. நீ இத்தனை மாதம் எப்படித் தூங்கினாய் என்று உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். பிரித்தால் படிப்பேன், படித்தால் மறுபடியும் உன்னை நம்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஊருக்கு வரும்போது எங்கேயாவது பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து நீயே வேறு பக்கம் திரும்பிக்கொள். என்னால் அது முடியாது.

பெ. ஆதிலட்சுமி
பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு